ஒரே மண்டபம், இரண்டு யுத்தங்கள்: கொழும்பு மேடை எங்கே தடுமாறுகிறது?

2009இல் முடிந்த இலங்கை உள்நாட்டு யுத்தத்தைப் பற்றி ஒரு நாடகம் கொழும்பில் மேடையேறினால் இரண்டு குறைகள் கட்டாயம் காதில் விழும். "முடிந்துபோனதை ஏன் மறுபடி கிளறுகிறார்கள்?" என்பது ஒன்று. "நடந்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லையே" என்பது மற்றது. வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் சொன்னவர்கள் ஒரே மாலையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களாக இருப்பார்கள்.

இதற்குக் காரணம் தணிக்கையா, பயமா, நாடகக்காரரின் திறமைக் குறைவா? மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்த மூன்றையும் நீக்கிவிட்டுப் பார்த்தாலும் சிக்கல் மிஞ்சும். அது எங்கிருந்து வருகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

எது கடினமான வரலாறு?

துயரமான வரலாறு எல்லாம் கடினமான வரலாறு ஆகிவிடாது. 2004 சுனாமி பெருந்துயரம். ஆனால் அதை யார் செய்தார்கள் என்று எவரும் சண்டை பிடிப்பதில்லை. யுத்தத்தின் கதை அப்படி அல்ல.

1. என்ன நடந்தது என்பதிலேயே உடன்பாடு இல்லை. 2009 மே மாதத்தில், யுத்தம் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

2. பட்டவர்களும் செய்தவர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இரு தரப்பாரும் டிக்கெட் வாங்கி வரலாம்.

3. கணக்குத் தீரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் அதற்கு முந்திய ஆண்டே, 2016இல், நிறைவேறிவிட்டது. சட்டம் வந்த பிறகும் தாய்மார் தெருவில் இருந்தார்கள் என்றால், நாடகம் "முன்னொரு காலத்தில்" என்று தொடங்க முடியாது.

மேடை ஏன் புத்தகம் மாதிரி இல்லை

ஒரு செல்லடியை, அதாவது எறிகணைத் தாக்குதலை, புத்தகத்தில் வாசிப்பவர் பக்கத்தை மூடி வைக்கலாம். படத்தில் பார்ப்பவர் எழுந்து போனால் திரைக்குத் தெரியாது. நாடகத்தில் நிலைமை வேறு. நடிப்பவர் உயிரோடு, பத்தடி தூரத்தில் நிற்கிறார். சீருடை அணிந்த ஒருவர் சப்பாத்துச் சத்தத்தோடு மேடையைக் கடந்தாலே போதும், சிலரின் கை தன்னையறியாமல் அடையாள அட்டை இருக்கும் சட்டைப் பைக்குப் போகும். வசனம் தேவையில்லை.

அடுத்தது, கூட்டம். பக்கத்து ஆசனக்காரர் எங்கே சிரித்தார், எங்கே தொண்டையைச் செருமினார், எந்த இடத்தில் கைபேசியை எடுத்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். நாடகத்தைப் பார்க்கும்போதே மற்றவர்கள் அதைப் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொழும்பு மண்டபத்தில் இதுதான் மிக முக்கியமான விஷயம். திரும்ப இதற்கு வருவேன்.

ஈழத்து நாடகக்காரர் 'ஆற்றுகை' என்ற சொல்லை விரும்பிப் பயன்படுத்துவதற்கும் இங்கே அர்த்தம் இருக்கிறது. 'எழுத்துரு' என்பது தாளில் உள்ள பிரதி. ஆற்றுகை என்பது அன்று மாலை, அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடந்தது. இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு தணிக்கையைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

ஏதென்ஸில் விதித்த அபராதம்

சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. கி.மு. 494இல் மிலேட்டஸ் நகரம் பாரசீகரிடம் வீழ்ந்தது. ஏதென்ஸுக்கு அது உறவு நகரம். சில ஆண்டுகளில் ஃபிரினிக்கஸ் என்ற நாடகாசிரியர் அந்த வீழ்ச்சியை ஏதென்ஸில் மேடையேற்றினார். அரங்கமே அழுதது. அதன் பிறகு நடந்ததை ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார்: சொந்தத் துயரத்தை நினைவூட்டிய குற்றத்துக்காக ஃபிரினிக்கஸுக்கு ஆயிரம் திரக்மா அபராதம். அந்த நாடகத்தை இனி யாரும் போடக்கூடாது என்றும் உத்தரவு.

கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' நாடகத்தைக் கொண்டுவந்தார். சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டு ஆண்டுகள்தான். ஆனால் கதை நடப்பது ஏதென்ஸில் அல்ல, எதிரியின் அரண்மனையில். தோற்றுத் திரும்பும் மகனுக்காகக் காத்திருக்கும் பாரசீக அரசி அதில் புலம்புகிறாள். அந்த நாடகத்துக்குப் பரிசு கிடைத்தது.

இரண்டிலும் போர் உண்டு, அழுகை உண்டு. ஒன்றுக்கு அபராதம், மற்றதற்குப் பரிசு. ஈஸ்கிலஸ் சாமர்த்தியசாலி என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. வென்ற நகரத்துக்குத் தோற்றவனின் தாயைக் காட்டினார், அதற்கு அங்கே இடம் இருந்தது. ஃபிரினிக்கஸ் காட்டியது காப்பாற்றாமல் விட்ட உறவினரின் சாவை. அதற்கு இடம் இருக்கவில்லை.

இந்த அளவுகோலைக் கொழும்பில் வைத்தால் உடனே பிசகுகிறது. ஏதென்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏறத்தாழ ஒரே பக்கத்தவர்கள். கொழும்பு, வென்ற அரசின் தலைநகர். ஆனால் நகரில் தமிழர் அதிகம் வாழும் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் நாடகம் பார்க்க வருகிறவருக்கு 2009 மே வெற்றி மாதம் அல்ல. ஒரே காட்சி ஒருவருக்கு 'பாரசீகர்', அடுத்த ஆசனத்தில் இருப்பவருக்கு 'மிலேட்டஸின் வீழ்ச்சி'. தொடக்கத்தில் சொன்ன இரண்டு குறைகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சட்டம் எதைத் தொடுகிறது

நாடகத்தைத் தொடக்கூடிய சட்டங்களில் மூன்றை அறிந்து வைத்திருப்பது நல்லது.

1. பொது ஆற்றுகைகள் பற்றிய 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்தது. நூறு வருடம் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. இதன் கீழ் இயங்கும் சபையைத்தான் பேச்சு வழக்கில் 'சென்சார் போர்ட்' என்கிறோம். பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு முன் எழுத்துருவைக் கொடுத்து அனுமதி பெற வேண்டும்.

2. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கும் அந்தத் தற்காலிகம் நாற்பது வருடத்தையும் தாண்டிவிட்டது. இதன் 2ஆம் பிரிவு, பேசிய சொல், எழுதிய சொல் என்பவற்றோடு நிற்பதில்லை. சைகையாலும் கண்ணுக்குத் தெரியும் சித்திரிப்பாலும் சமூகங்களிடையே பகையை உண்டாக்குவதையும் சேர்த்துக்கொள்கிறது. நாடகம் என்பதே சைகையும் சித்திரிப்பும்தானே.

3. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை ஒட்டி வந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். இதன் 3ஆம் பிரிவு வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க வந்தது. நோக்கம் சரி. ஆனால் எழுத்தாளர்கள் மீதும் மேடை நகைச்சுவையாளர் மீதும் பாய்ந்திருக்கிறது. 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி (அங்கே இறந்தவர்களின் நினைவாகக் கொடுப்பது) கொடுத்தவர்களைக் கைது செய்யவும் இதே சட்டம் பயன்பட்டது. இதில் பிணை வழங்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே உண்டு.

முதலாவது சட்டம் தாளைப் படிக்கிறது. மற்ற இரண்டும் ஆளைப் பிடிக்கின்றன. ஆகவே சபையின் அனுமதி முழுப் பாதுகாப்பு ஆகாது. தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு பயமும் சேர்கிறது: மொழிபெயர்ப்பு. கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். காரணம், தமிழில் எழுதிய ஒரு கவிதைத் தொகுப்பு. வன்முறைக்கு எதிரான வரிகள் அதில் இருந்தன என்பது தமிழ் வாசித்தவர்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில்தான் பிணை. நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில். வழக்கு முடியும்போது மூன்றரை வருடம் போய்விட்டது. இதைப் பார்த்த பிறகு ஒரு எழுத்துருக்காரர் தானாகவே இரண்டு வரியை வெட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தாளைப் படிக்கும் தணிக்கைக்கு ஒரு பலவீனம் உண்டு. உடலை அது படிக்காது. ருவந்தி டி சிக்கேராவின் ஸ்டேஜஸ் குழு 'வோக்கிங் பாத்' என்ற நாடகத்தை வசனமே இல்லாமல் செய்தது. யுத்தத்துக்குப் பிறகு கொழும்பில் பளபளவென்று முளைத்த நடைபாதைகள்தான் களம். ஏன் வசனத்தை விட்டார்கள் என்பது அவர்களின் கலை முடிவு. பார்ப்பவருக்குத் தெரிவது, வசனம் இல்லாத இடத்தில் வெட்டுவதற்கும் வசனம் இல்லை என்பது. நகரம் சொல்லாமல் விட்டதை நாடகமும் சொல்லாமலே காட்டியது.

கடன் வாங்கிய கதைகள்

யுத்த காலத்தில் நேராகப் பேச முடியாதவர்கள் பழைய கதைக்குள் புகுந்தார்கள். இலங்கையில் இதற்கு நல்ல மரபு இருக்கிறது, இரண்டு மொழியிலும்.

சிங்களத்தில் தர்மசிறி பண்டாரநாயக்க யூரிப்பிடிஸின் 'ட்ரோய் நகரப் பெண்கள்' நாடகத்தை யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே மேடையேற்றினார். கி.மு. 415இல் எழுதப்பட்ட அந்த நாடகத்தில் போர் முடிந்துவிட்டது, ஆண்கள் செத்துவிட்டார்கள், பெண்கள் யாருக்கு அடிமை என்று பங்கு பிரிக்கிறார்கள். தெற்கில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த 1980களின் கடைசியில் சார்த்தரின் நாடகமொன்றைச் சிங்களத்தில் தந்தவரும் இவரே. இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது: சிங்களப் பார்வையாளர் எல்லோரும் யுத்தத்தைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்கள் என்று நினைத்தால் பிழை. 1987 முதல் 1989 வரை ஜேவிபி என்ற தெற்கின் இடதுசாரிக் கட்சி நடத்திய கிளர்ச்சிக் காலத்தில் தம்பியைத் தொலைத்த ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்கலாம்.

தமிழில் இராவணன் கதை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தை மீட்டெடுத்தபோது உருவானது 'இராவணேசன்'. எழுதியவர் சி. மௌனகுரு. பின்னர் அவரே மட்டக்களப்பில் அதை மறுபடி தயாரித்தார். போர் நடக்கும் மண்ணில் மண்டோதரி தடுத்துப் பேசுவதை வெறும் புராணமாகக் கேட்க முடியுமா? களரி அதேதான், ஆட்டமும் அதேதான். கேட்கும் காது மாறிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு வழி. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' பழைய கதை எதையும் கடன் வாங்கவில்லை. அன்றைய குடாநாட்டின் வாழ்வையே எடுத்தது. ஆனால் யதார்த்தமாகக் காட்டாமல் பாடலும் அசைவும் உரைஞருமாகச் சொன்னது. 'உரைஞர்' என்பது கதைக்குள்ளும் வெளியிலும் நின்று பேசும் பாத்திரம். கூத்தில் அண்ணாவியாரும் (கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசான்) பிற்பாட்டுக்காரரும் நிற்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சண்முகலிங்கம் பின்னர் எழுதிய 'அன்னை இட்ட தீ' போர் மனத்தில் செய்யும் சேதத்தைப் பற்றியது. 'எந்தையும் தாயும்' பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போன பிறகு தனித்துப்போன முதியவர்களைப் பற்றியது. யுத்த நாடகம் என்றால் துப்பாக்கி வேண்டும் என்று நினைக்கும் இளம் குழுக்கள் இந்த இரண்டையும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

கடன் வாங்கிய கதையின் பலம் என்ன? இரண்டு பக்கமும் சேர்ந்து அழலாம். பலவீனமும் அதுதான். ட்ரோய்க்காக அழுவதற்கு யாருக்கும் பாஸ் (அனுமதிச் சீட்டு) தேவையில்லை. ஊர்ப் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, பொறுப்பும் இல்லை. யுத்த காலத்தில் அது துணிச்சல். துப்பாக்கி ஓய்ந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் கொழும்பு மேடை கிரேக்கத்துக்கே ஓடினால், அது பழக்கதோஷம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சாட்சியை மேடையேற்றுவது

சரி, நேராகச் சொல்லலாம் என்று முடிவெடுத்தால்? அப்போது கைக்கு வருவது சாட்சிய நாடகம். உண்மையில் ஒருவர் சொன்னதை, சொன்ன சொற்களிலேயே நடிகர் சொல்வார். பீட்டர் வைஸின் 'விசாரணை' இதற்குப் பெரிய முன்னோடி. அவுஷ்விட்ஸ் முகாம் பற்றி ஃபிராங்ஃபர்ட்டில் நடந்த வழக்கிலிருந்து எழுதியது. 1965 ஒக்டோபரில் ஒரே இரவில் இரண்டு ஜேர்மனிகளிலும் பல அரங்குகளில் நிகழ்ந்தது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு உண்மைப் பெயர் உண்டு. சாட்சிகளுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும். நம் ஊரில் இது தலைகீழ். சாட்சி சொன்ன தாயின் பெயரும் ஊரும் எல்லோருக்கும் தெரியும். யாரைக் குறித்துச் சொன்னார் என்ற இடத்தில்தான் வெற்றிடம்.

அந்தத் தாய் ஏற்கெனவே எத்தனை ஆணைக்குழு முன்னால் இதே கதையைச் சொன்னார் என்று எண்ணிப் பாருங்கள். 1990களின் காணாமல் போனோர் ஆணைக்குழுக்கள், 2010இல் தொடங்கிய கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, அப்புறம் 2016இன் கலந்தாலோசனைச் செயலணி. இப்போது ஒரு நாடகக் குழுவும் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து நிற்கிறது. அவருக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் காட்டுவதற்கு வழிகள் இருக்கின்றன. தென்னாபிரிக்காவில் 1997இல் வந்த 'ஊபுவும் உண்மை ஆணைக்குழுவும்' நாடகத்தில் சாட்சிகளாக வந்தவை பொம்மைகள். நடிகர் யாரும் "நானே அந்தத் தாய்" என்று கண்ணீர் விடவில்லை. பொம்மையைத் தாங்கிப் பிடித்திருந்தவர்கள் சாட்சியைத் தாங்கி நிற்பவர்களாகத் தெரிந்தார்கள். மொழிபெயர்ப்பாளரும் மேடையிலேயே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார். கொழும்பில் ஸ்டேஜஸ் குழுவின் 'டியர் சில்ட்ரன், சின்சியர்லி' வேறு தந்திரம் செய்தது. 1930களில் பிறந்த தலைமுறையோடு பேசி, நாட்டின் பல பத்தாண்டுகளை அவர்களின் நினைவு வழியாகக் காட்டியது. நீண்ட வாழ்க்கையின் நடுவில் யுத்தமும் வருவதால், பார்ப்பவர் "இவர் எந்தக் கட்சி" என்று முதல் நிமிடத்திலேயே முத்திரை குத்த முடியாது.

தமிழ்ப் பக்கத்தில் சாட்சிய நாடகத்துக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் அதிகமானோர், பல தலைமுறையாக வாழ்ந்த ஊரைச் சில மணி நேரத்தில், சில இடங்களில் சில நாளில், விட்டுப் போனார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை. தமிழ் ஆயுத இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்தது, சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது ஆகியவையும் உண்டு. தமிழ் மண்டபத்தில் தமிழரின் துயரத்தைக் காட்டுவது எளிது என்று சொல்லமாட்டேன். ஆனால் இவற்றைக் காட்டும்போதுதான் ஆசனங்கள் கிறீச்சிடத் தொடங்கும். ஏதென்ஸில் அபராதம் விதிக்க வைத்தது இந்த வகை வலிதான்.

ஒரு சொல்லில் கவிழும் நாடகம்

எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் சொல்லில் வந்து முட்டும். சில உதாரணங்கள்:

1. 1983 ஜூலையில் தமிழர் மீது நடந்த வன்முறை. 'இனக்கலவரம்' என்றால் இரண்டு பக்கமும் மோதியது போல ஒலிக்கும். 'கறுப்பு ஜூலை' என்றால் துக்கம், ஆனால் யார் என்ற கேள்வி இல்லை. 'இன அழிப்பு' என்றால் மண்டபத்தில் சிலர் அதோடு கேட்பதை நிறுத்திவிடுவார்கள். எந்தச் சொல்லும் நடுநிலை இல்லை.

2. 2009. அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. வன்னியில் இருந்தவர்கள் 'கடைசிச் சண்டை' என்பார்கள். இரண்டும் ஒரே மாதங்களைக் குறிக்கின்றன என்பதைச் சிறு பிள்ளைக்கு விளக்கிப் பாருங்கள்.

3. 'பொடியள்'. சொல் பையன்களைத்தான் குறிக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் அது இயக்கக்காரரைக் குறித்தது. பாசமும் பயமும் சலிப்பும் அதில் ஒட்டிக்கிடக்கும். மேடைக்கு மேலே ஓடும் சிங்கள மொழிபெயர்ப்பில் அதை 'கொட்டி', அதாவது புலிகள், என்று போட்டால் பாத்திரமே மாறிவிடுகிறது.

4. 'பங்கர்'. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். எல்லோருக்கும் தெரிந்த சொல், மொழிபெயர்க்கவே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் தெற்கில் கேட்பவருக்கு அது படைவீரன் இருக்கும் அரண். வடக்கில் அது வளவுக்குள் பனங்குற்றி அடுக்கி வெட்டிய குழி. பிள்ளைகளையும் கிழவியையும் இறக்கிவிட்டு அம்மா கடைசியாக இறங்குவாள். மேடையில் "பங்கருக்குள்ள போங்கோ" என்று ஒரு தாய் கத்தினால், மண்டபத்தின் ஒரு பாதிக்கு வீட்டு வளவு நினைவு வரும், மறு பாதிக்குப் போர்முனை.

இருமொழியில் நாடகம் போட்டால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. பராக்கிரம நிரியெல்லவின் 'ஜனகரளிய' குழு சிங்கள, தமிழ் இளைஞர்களை ஒன்றாக வைத்து, கூடார அரங்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. நடிகர்கள் மற்ற மொழியையும் கற்று நடித்தார்கள். இதில் பயன் பெற்றது மேடை மட்டுமல்ல. மாதக்கணக்கில் ஒரே கூடாரத்தில் வாழ்ந்து, ஒரே பானையில் சாப்பிட்டதுதான் பெரிய வேலை. கொழும்பில் மூன்று வார ஒத்திகையில் அது நடக்காது.

கொழும்பின் சொந்த யுத்தம்

இதுவரை சொன்னதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கொழும்பில் 'யுத்த நாடகம்' என்றால் களம் பெரும்பாலும் வடக்கு. பனைமரம், கூடாரம், முள்வேலி. தலைநகரம் வடக்கின் துயரத்தை வரவழைத்துப் பார்க்கிறது. ஆனால் கொழும்புக்கே சொந்தமாக ஒரு யுத்தம் இருந்தது.

1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. 90 பேரளவில் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயம். அதே ஆண்டு ஜூலையில் தெகிவளை ரயில் குண்டு. அன்று மாலை பஸ்ஸில் வீடு திரும்பிய தமிழர் ஒருவருக்கு இரண்டு பயம்: அடுத்த குண்டு, அடுத்த பார்வை. பொலிஸ் பதிவு, ரவுண்டப் என்ற சுற்றிவளைப்பு, நள்ளிரவுக் கதவுத் தட்டல், ஆட்களைக் கடத்திய வெள்ளை வான். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது.

இந்தக் கதைகளுக்கு ஒரு விசேடம் உண்டு. மண்டபத்தில் உள்ள இரண்டு பாதியும் அப்போது அங்கே இருந்தது. ஒரே பஸ், ஒரே சோதனைச் சாவடி. ஒருவர் இறங்கி வரிசையில் நின்றார், மற்றவர் உள்ளே இருந்து ஜன்னலால் பார்த்தார். தூரத்து முள்வேலியைப் பார்த்து இரங்குவதைவிட இது இருவருக்கும் கடினம். ஆகவே மேடைக்கு மிகப் பொருத்தம். அப்படியும் ஏன் இது அதிகம் வரவில்லை?

ஒரு காரணம் மிக எளிமையானது. சொல்லக்கூடியவர்கள் போய்விட்டார்கள். 1960களிலும் 70களிலும் கொழும்பில் நவீன தமிழ் நாடகம் சுறுசுறுப்பாக இருந்தது. நா. சுந்தரலிங்கம், அ. தாசீசியஸ் போன்றோர் இயங்கினார்கள். மஹாகவியின் 'கோடை', 'புதியதொரு வீடு' மேடையேறின. 1978இல் க. பாலேந்திரா முதலியோர் அவைக்காற்றுக் கழகத்தைத் தொடங்கினார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அவைக்காற்றுக் கழகம் லண்டனில் தொடர்ந்தது. கொழும்புத் தமிழ் மேடையைக் கலைத்த அதே 1983 ஜூலையைப் பற்றிப் பேசுவதற்குக் கொழும்பில் ஆள் குறைந்துபோனது.

ஆகவே 1956இன் மொழிச் சண்டையிலிருந்து 1983 கொழும்பு வழியாகப் போகும் பெரிய நாடகம் 2019 ஜனவரியில் முதன்முதலாக மேடையேறியது சிட்னி நகர மண்டபத்தில். எஸ். ஷக்திதரன் எழுதிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்'. தமிழும் சிங்களமும் பேசப்படும்போது பக்கத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். மொழிபெயர்ப்பை ஒளித்து வைக்காமல் அதையே நடிப்பாக்கிய இந்த வழியைக் கொழும்புக் குழுக்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். "பொடியள்" என்று ஒருவர் சொல்ல, மொழிபெயர்ப்பவர் ஒரு கணம் சொல் தேடித் தயங்கினால், அந்தத் தயக்கத்தைப் பார்வையாளரும் பார்க்கட்டும்.

இன்னொரு காரணம் இடம். கொழும்பு 7இல் 1953 முதல் இயங்கும் லயனல் வென்ட் பெரும்பாலும் ஆங்கில, சிங்களப் பார்வையாளரின் வீடு. தமிழ் நிகழ்ச்சிகள் பம்பலப்பிட்டிக் கதிரேசன் மண்டபம், சரஸ்வதி மண்டபம், வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கம் என்று காலி வீதியை ஒட்டியே நிற்கின்றன. இடையில் உள்ள தூரம் முச்சக்கர வண்டியில் கால் மணி நேரம். ஆனால் ஒரு பக்கத்துச் சுவரொட்டி மறு பக்கத்தில் ஒட்டப்படுவதில்லை. கலந்த பார்வையாளர் வேண்டும் என்று நாடகத்துக்குள் எவ்வளவு சொன்னாலும், டிக்கெட் எங்கே விற்கிறது என்பதே பாதியை முடிவு செய்துவிடும்.

ஒத்திகைக்கு முன் பேச வேண்டியவை

குழுக்கள் இவற்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவது வழக்கம். அப்போது நேரம் இருக்காது.

முதலில் சத்தம். செல் விழும் ஒலியைப் பெரிய ஒலிபெருக்கியில் விடுவது மிகச் சுலபம், பலன் மிகக் குறைவு. கேட்டறியாதவருக்கு அது திரைப்படச் சத்தம். கேட்டறிந்தவருக்கு அது நாடகமே அல்ல. முன்கூட்டி மூன்று மொழியிலும் அறிவிக்க வேண்டும், வெளியே போகும் வாசலில் வெளிச்சம் இருக்க வேண்டும். கதவருகே நிற்கும் தொண்டர் சீருடை மாதிரி எதுவும் அணியாமல் இருப்பது நல்லது.

அடுத்தது, நாடகத்துக்குப் பின்னான கலந்துரையாடல். ஒலிவாங்கி முதலில் யாரிடம் போகிறதோ அவருடைய மொழியில்தான் மீதிப் பேச்சும் போகும். கொழும்பில் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் தொடங்கும், முல்லைத்தீவிலிருந்து வந்த நடிகை அதன் பிறகு வாய் திறக்கமாட்டார். முதல் கேள்வியைத் தமிழிலோ சிங்களத்திலோ கேட்பதற்கு ஒருவரை முன்பே ஏற்பாடு செய்து வைத்தால் போதும்.

கடைசியாக, புகைப்படம். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயாக ஒரு நடிகை வருகிறார், கையில் சட்டம் போட்ட படம். அதில் யாருடைய முகம்? இணையத்தில் கிடைத்த ஒருவரின் முகத்தை அச்சடித்துப் போடுவது மன்னிக்க முடியாத அவசரம். நடிகையின் குடும்பப் படத்தை வைக்கலாம், வெறும் படச்சட்டத்தையும் கொடுக்கலாம். ஒரு குடும்பம் விரும்பி உண்மையான படத்தைத் தந்தால், அவர்கள் முன்வரிசையில் உட்கார வருவார்களா என்று கேட்க வேண்டும். நாடகம் முடிந்த பிறகு அந்தப் படத்தை யார் வைத்திருப்பது என்பதையும் அதே நாளில் பேசிவிட வேண்டும். வேட்டியோடும் தகரத் துப்பாக்கியோடும் சேர்த்து அதை மேடைப் பொருட்களின் பெட்டிக்குள் போட்டுப் பூட்ட முடியாது.